டெர்மினலில் காஞ்சி எழுத்து வந்ததும் சரிந்த அட்டவணை

ஊர்ப் பெயர் ஒரு நெடுவரிசை, மக்கள்தொகை இன்னொன்று. டெர்மினலில் (எழுத்துகளாகவே ஓடும் கட்டளைத் திரையில்) அந்த நிரல் அச்சிட வேண்டியது இவ்வளவுதான். பெயர்கள் ரோமன் எழுத்தில் இருந்தவரை எல்லாம் நேராக நின்றது. டோக்கியோவைக் காஞ்சியிலும் (ஜப்பானில் புழங்கும் சீன எழுத்து) சியோல் நகரை ஹங்குலிலும் (கொரிய எழுத்து) எழுதியதும் அந்த இரு வரிகளின் எண்கள் மட்டும் 2 கட்டம் (ஒரு ரோமன் எழுத்தின் இடம் ஒரு கட்டம்) இடப்பக்கம் நகர்ந்துவிட்டன.

காரணம் எண்ணும் முறையில் இருந்தது. டோக்கியோவுக்குக் காஞ்சியில் 2 எழுத்து. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் எழுத்துக்கு 3 பைட் வீதம் 6 பைட். டெர்மினலிலோ ஒரு காஞ்சி 2 கட்டம் எடுக்கும், ஆக 4 கட்டம். சி மொழியின் பிரிண்ட்எஃப் என்ற அச்சிடும் செயற்கூறிடம் 10 அகலம் கேட்டால் அது பைட்டை எண்ணி 4 இடைவெளிதான் சேர்க்கும். திரையில் 8 கட்டத்தோடு நின்றுவிடும். அதையே பைத்தானில், சரத்தின் வலப்பக்கம் இடைவெளி நிரப்பும் எல்ஜஸ்ட் கொண்டு செய்தபோது எண்கள் வலப்பக்கம் ஓடின. அது எழுத்தை எண்ணி 8 இடைவெளி போட, மொத்தம் 12 கட்டமாயிற்று. உண்மையில் வேண்டியது 6 இடைவெளி.

எனவே அகலத்தை நாமே கணக்கிட்டு, குறையும் இடைவெளியை நாமே போட வேண்டும். உலக எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடின் கிழக்காசிய அகலப் பட்டியலில் 'அகலம்', 'முழு அகலம்' என்று குறித்தவற்றுக்கு 2 கட்டம். அரையகலக் கத்தகானாவுக்கு (ஒரு ஜப்பானிய ஒலியெழுத்தின் ஒடுங்கிய வடிவம்) 1தான். ஜப்பானிய எழுத்து என்றாலே 2 என்று வைத்துவிடக் கூடாது. சி மொழியில் இந்த வேலைக்கு டபிள்யூசிவிட்த் இருக்கிறது. ஆனால் நிரலின் தொடக்கத்தில் லொக்கேலை (மொழி, குறியாக்க அமைப்பை) ஏற்கும் செட்லொக்கேலை வெற்றுச் சரத்துடன் அழைக்காவிட்டால், காஞ்சிக்கு அது -1 தரும். கண்டெய்னருக்குள் (நிரலைத் தனித்து ஓட்டும் உறைக்குள்) ஓட்டும்போது, லொக்கேலைச் சொல்லும் லாங் சூழல் மாறி அமைக்கப்படாமலே இருப்பது வழக்கம், அங்கே சி.யூடிஎஃப்-8 என்று வைத்தாலே போதும், ஜப்பானிய லொக்கேல் நிறுவத் தேவையில்லை. டெர்மினல் திரையை வரையும் என்கர்சஸ் நூலகத்தைப் பயன்படுத்துவோர், பெயரில் 'டபிள்யூ' சேர்ந்த அதன் வடிவத்தோடு இணைக்க வேண்டும், செட்லொக்கேல் திரையைத் தொடங்கும் இனிட்ஸ்கிரீனுக்கு முன்னால் வர வேண்டும்.

அதிக நேரம் தின்றது மேக்கிலிருந்து வந்த கோப்புப் பெயர்கள். பார்வைக்கு ஒரே ஹிரகானா (இன்னொரு ஜப்பானிய ஒலியெழுத்து) 'கா' ('தங்கம்' என்பதில் வரும் ஒலிப்புள்ள க). உள்ளே 'க'வும் ('கல்' என்பதில் வரும் ஒலி) அதன்மேல் ஏறும் ஒலிப்புக் குறியும் தனித்தனிக் குறியெண்ணாகப் பிரிந்து கிடந்தன. அந்த ஒட்டுக்குறியையும் யூனிகோட் பட்டியல் 'அகலம்' என்றே சொல்கிறது! பட்டியலை அப்படியே கூட்டினால் 2க்குப் பதில் 4 வரும். ஹங்குலும் இப்படி உதிரி ஜாமோக்களாக (அசைக்குள் இருக்கும் தனித்தனி ஒலியெழுத்துகளாக) பிரிந்து வரலாம். அதனால் முதலில் பிரிந்தவற்றை ஒன்றாக்கும் என்எஃப்சி வடிவுக்குச் சரத்தை மாற்றிவிட்டு, ஒட்டுக்குறி என்றால் 0 என்று பார்த்த பிறகே அகலப் பட்டியலுக்குப் போக வேண்டும். வரிசை மாறினால் கணக்கு தவறும். (தமிழ் வரிகள் டெர்மினலில் உடைவது வேறு சிக்கல். உயிர்மெய் கூடும்போது வடிவமே மாறுகிறது. இங்கே சொன்ன கணக்கு அதைத் தீர்க்காது.)

வண்ணம் சேர்த்ததும் மறுபடி குழப்பம். வண்ணக் குறியீடு எஸ்கேப் என்ற கட்டுப்பாட்டு எழுத்தில் தொடங்கும். அதைப் பார்த்ததும், முழுச் சரத்தின் அகலத்தை அளக்கும் டபிள்யூசிஎஸ்விட்த் முழுச் சரத்துக்கும் -1 சொல்லிவிடும். அகலத்தை வண்ணம் பூசாத சரத்தில் அளந்து, நிரப்பிய பின் வண்ணம் பூசுங்கள்.

அட்டவணைக்கு எல்லை போடும் பெட்டிக்கோடுகளும் வட்டத்துக்குள் இருக்கும் எண்களும் அதே யூனிகோட் பட்டியலில் 'இருவழி அகலம்' வகை. டெர்மினலின் அமைப்பைப் பொறுத்து 1 கட்டமாகவும் 2 கட்டமாகவும் வரும், நிரலுக்கு அது தெரியாது. கூட்டல் குறி, சிறுகோடு, செங்குத்துக் கோடு ஆகிய சாதாரண ஆஸ்கிக் குறிகளாலேயே எல்லை போடுவது நல்லது; அழகு குறைந்தாலும் எங்கும் ஒன்றுபோல் நிற்கும்.

நீளமான பெயரை வெட்டும்போது பைட் கணக்கில் வெட்டினால் எழுத்தே பிளந்து, கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரியும். கட்டத்தை எண்ணிக்கொண்டே போய், 1 கட்டம் மட்டும் மீதி இருக்க அடுத்தது காஞ்சியாக வந்தால், அதை விட்டுவிட்டு ஓர் இடைவெளி போடுங்கள்.

சோதிக்கும்போது அட்டவணைக்கு மேலே 1234567890 என்று ஒரு வரி அச்சிட்டுக்கொண்டால் எத்தனை கட்டம் பிசகுகிறது என்று உடனே கண்ணில் படும். காஞ்சி, ஹங்குல், அரையகலக் கத்தகானா, பிரிந்த 'கா', வண்ணமிட்ட பெயர் என இந்த ஐந்தும் சோதனைக் கோப்பில் கட்டாயம் இருக்கட்டும்.