27 கிலோ
அந்தச் சீட்டில் நான் வட்டம் போட்டிருக்கக் கூடாது. போட்டதில் என்ன தப்பு என்றும் சில நாள் தோன்றுகிறது.

மலேசியாவில் பெஸ்தாரி ஜெயா ஊருக்கு வெளியே, கோயில் மண்டபத்தில் ஆறாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மாலை வகுப்பு. புத்தகக் கணக்கென்றால் தூங்கிவிடுகிறார்களே என்று, வீட்டில் இருக்கிற கணக்கைக் கொண்டு வரச் சொன்னேன். மின்சார பில் வந்தது, மளிகைக்கடைக் கடன் நோட்டு வந்தது. ஒரு பையன் கொண்டு வந்தது எடைச் சீட்டு. அப்பாவோடு சேர்ந்து அவனும் பொறுக்கிய செம்பனை (எண்ணெய்ப்பனை) கொட்டை: 9 சாக்கு, 412 கிலோ. கழிவு போக 358.

“சாக்குக்கு 3 கிலோ கழிப்பாங்க டீச்சர். அப்படின்னா 385தானே வரணும்?”

வாரத்தில் இரண்டு நாளாவது மேசையில் தலை சாய்க்கிற பையன். அன்றைக்கு இரண்டு முறை கழித்துப் பார்த்துவிட்டு என் முகத்தையே பார்த்து நின்றான். நகக்கண்ணெல்லாம் செம்பனைச் சாறு ஏறிய மஞ்சள். எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. சிவப்புப் பேனாவை எடுத்து 358ஐ வட்டமிட்டு, பக்கத்தில் 385 என்று எழுதி, கீழே சுருக்கொப்பமும் போட்டேன். ஒப்பம் எதற்கு? நோட்டு திருத்துகிற கை, தானாகவே போட்டுவிட்டது.

மறுநாள் அப்பா அதை அப்படியே குத்தகைக்காரரிடம் நீட்டியிருக்கிறார். “டீச்சரே சொல்லிட்டாங்க.”

சாக்குக்கு 3, மண்ணுக்கும் கல்லுக்கும் இன்னொரு 3 என்று அவர் சொன்னது பிறகுதான் என் காதுக்கு வந்தது. அந்தக் கணக்கில் 358 சரி. கொட்டையோடு மண்ணும் சேர்ந்து வரும்தான். ஆனால் ஒன்பது சாக்கிலும் அளந்து வைத்தது போல 3 கிலோ மண்ணா? இதை நான் போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அடுத்த வாரம் அவர்களுக்கு வேலை இல்லை. மாதக் கடைசியில் லாரியில் சாமான் ஏற்றி, வேறு தோட்டம் பார்த்துப் போய்விட்டார்கள்.

ஏமாற்றினால் கண்டுபிடிக்கத்தானே கணக்குச் சொல்லித் தருகிறோம் என்கிறார் என் கணவர். சரிதான். 2003லிருந்து ஆரம்பக் கல்வி கட்டாயம், அனுப்பாத பெற்றோருக்கு 5,000 வெள்ளி வரை அபராதம். பிள்ளைகளை வேலை வாங்குவது பற்றி 1966லேயே சட்டம் இருக்கிறது. அவன் பெயர்தான் எந்த செக்ரோலிலும், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டிலும், இல்லை. அப்பாவுக்கு ஒத்தாசை, அவ்வளவுதான். அதில் எனக்கும் ஒன்றும் உறுத்தவில்லை என்பதுதான் இப்போது உறுத்துகிறது. பன்னிரண்டு வயதுப் பையன் சாக்குத் தூக்குகிறானே என்று நினைக்காமல், நல்ல கணக்குக் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அந்தக் கணக்கில் மட்டும் அவன் தூங்கவில்லை என்பதும் உண்மை.

போன வாரம் அதே கழித்தல் பாடம். பலகையில் ‘9 சாக்கு’ என்று எழுதிவிட்டேன். அப்புறம் அழித்து, ‘9 கூடை ரம்புத்தான்’ என்று போட்டேன்.