கட்டைவிரல் வழக்கு

அஞ்சாம் மாடி ஆன்ட்டியின் வலது கட்டைவிரல் சம்பந்தமாக இன்று என் நக அலங்காரக் கடையில் பெரிய பஞ்சாயத்து. தீர்ப்பு யாருக்குச் சாதகம் என்று படித்துவிட்டு நீங்களே சொல்லுங்கள். என் கணக்குப்படி நஷ்டம் எனக்குத்தான்.

முதலில் வந்தது வாய்ஸ் மெசேஜ். ஆன்ட்டியின் வாய்ஸ் மெசேஜ் எப்படி இருக்கும் என்று இந்த பிளாட்டில் குடியிருக்கிற எல்லோருக்கும் தெரியும். முதல் பாதி இருமல். அப்புறம் லிஃப்ட் பழுதானது, அதற்கு மேனேஜ்மென்ட்டின் ஏழு தலைமுறைக்கும் சாபம், நடுவில் பேரனைப் பார்த்து "டேய், அதத் தொடாத!" கடைசி ஐந்து விநாடியில்தான் விஷயம்: "பாப்பா, நீ போட்ட நகம் கழண்டுகிச்சு லா." கூடவே ஒரு படம். அதில் சிங்க், பைப், பைப்பில் தொங்கும் ஸ்பாஞ்ச், ஆன்ட்டியின் முழங்கை எல்லாம் பளிச்சென்று விழுந்திருந்தன. நகம் மட்டும் புகைமூட்டம்.

வியாழக்கிழமை போட்டது. இன்று ஞாயிறு. ஒழுங்காகப் போட்ட ஜெல் நகச்சாயம் இரண்டு வாரம் நிற்கும். கை கொஞ்சம் அடக்கமாக இருக்கிற ஆள் என்றால் மூன்று வாரம். அதற்கு மேல் உரியாமல் நின்றாலும் எடுத்துவிடச் சொல்வேன். கைநகம் மாதத்துக்கு 3 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேலேயே வளர்கிறது. அடியில் வெற்று நகம் எட்டிப் பார்க்கும், கனமெல்லாம் நுனிக்குப் போய்விடும், எங்கேயாவது இடித்தால் நகத்தோடு சேர்ந்து முறியும். ஆனால் மூன்று நாளில் கழண்டது என்றால் அது என் மானப் பிரச்சினை. அதோடு, ஒரு வாரத்துக்குள் உரிந்தால் இலவசமாகச் சரிசெய்து தரப்படும் என்று கடைக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறது. எழுதச் சொன்னது எங்கள் வீட்டுக்காரர். நகத்தைப் பற்றி ஒன்றுமே தெரியாத ஆள்தான் இப்படி வாக்குக் கொடுக்க முடியும்.

ஆன்ட்டி பினாங்கு ஜெலுத்தோங் வெயிலில் குடையோடு வந்து சேர்ந்தார். கட்டைவிரலில் பிளாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் அம்மாவும் கடையில்தான் இருப்பார், ஏர்கோனுக்காக.

"பசியாறிட்டீங்களாக்கா?" என்றார் அம்மா.

"எங்க தங்கச்சி பசியாறுறது? விரலு இப்படிக் கெடக்கு."

அறுவை சிகிச்சை முடிந்து வந்த தோரணை.

இங்கே என் தரப்பு நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெல் நிற்குமா உரியுமா என்பது பாதிக்கு மேல் சாயப் பாட்டிலைத் திறப்பதற்கு முன்பே முடிவாகிவிடும். என் கடையில் யார் கையையும் தண்ணீரில் ஊறவைப்பதில்லை. நகம் தண்ணீரைக் குடித்து உப்பும். அதன் மேல் ஜெல் போட்டால், காய்ந்து பழைய அளவுக்கு வரும்போது பிடி விட்டுவிடும், ஈரச் சுவரில் அடித்த பெயின்ட் மாதிரி. இதற்கே வியாழக்கிழமை ஆன்ட்டி முகம் சுளித்தார். "அறுவது வெள்ளி வாங்குற, ஒரு சுடுதண்ணிகூட வைக்க மாட்டியா?" நகத்தின் மேல் ஒட்டியிருக்கிற செத்த தோலைச் சுரண்டி எடுத்தேன். பளபளப்பு போகிற அளவுக்கு லேசாகத் தேய்த்தேன். ஆல்கஹால் போட்டுத் துடைத்தேன். இனி எதையும் தொடாதீங்க ஆன்ட்டி என்று சொல்லி வாய் மூடவில்லை, கை நேராகக் கொண்டைக்குப் போனது. தேங்காய் எண்ணெய்! மறுபடி பத்து விரலையும் துடைத்தேன்.

பேஸ் கோட் என்கிற அடிப்பூச்சை மெல்லிசாக, தோலில் படாமல் போட வேண்டும். தோலில் பட்டால் அந்த ஓரத்திலிருந்துதான் தூக்கும். விளக்கு வெளிச்சத்தில் இறுகாத, அதாவது வேகாத ஜெல் அடிக்கடி தோலில் பட்டால் சிலருக்கு அலர்ஜியும் வரும், அப்புறம் ஆயுளுக்கும் ஜெல்லே போட முடியாமல் போகலாம். நுனியையும் மறக்காமல் மூட வேண்டும். விளக்குக்குள் நான்கு விரல் தட்டையாக இருக்கும்போது கட்டைவிரல் சாய்ந்து படுத்துக்கொள்ளும், வெளிச்சம் சரியாக விழாது. அதனால் கட்டைவிரல் இரண்டையும் தனியாக வைக்கச் சொல்வேன். ஆன்ட்டி வைத்தார். சூடு ஏறியதும் "ஐயோ சுடுது!" என்று இழுத்தார். ஜெல் இறுகும்போது சூடு வரத்தான் செய்யும். மறுபடி வைத்தார். போன் அடித்தது, எடுத்தார். மறுபடி வைத்தார். நானும் ஒவ்வொரு தடவையும் நேரத்தை முதலிலிருந்து ஓடவிட்டேன். அந்த விரல் வேகவில்லை என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது.

விசாரணையைத் தொடங்கினேன். கழண்டது வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலின் நுனியும்தான். இடது கை ஐந்தும் கல் போல நிற்கிறது. ஒரே பாட்டில், ஒரே விளக்கு, ஒரே ஆள் போட்டது. அப்படியானால் வலது கை மட்டும் என்ன செய்தது?

"ஒண்ணும் செய்யலயே பாப்பா. சும்மாதான் இருந்தேன்."

"பாத்திரம் கழுவினீங்களா?"

"கழுவாம? நீ வந்து கழுவுவியா?"

"நான் க்ளவ்ஸ் கொடுத்தேனே, போட்டீங்களா?"

ஆன்ட்டி ஏர்கோனைப் பார்த்தார்.

இந்தச் 'சும்மா' இருக்கிறதே, அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சும்மா இருந்த ஒரு அக்கா மைலோ டின் மூடியை நகத்தால் நெம்பியிருந்தார். சும்மா இருந்த இன்னொரு பெண், புதிதாக வாங்கிய தட்டுகளில் ஒட்டியிருந்த விலைச்சீட்டை எல்லாம் நகத்தால் சுரண்டியிருந்தாள். தைப்பூசத்துக்குக் கல் பதித்து நீளமாக நகம் போட்டுக்கொண்டு போன ஒருத்தி, ரதம் வருவதற்குள் சாலையோரம் கொட்டியிருந்த தேங்காய் மூட்டைகளைப் புருஷனோடு சேர்ந்து அவிழ்த்து அடுக்கியிருக்கிறாள். பினாங்கில் ரதத்துக்கு முன்னால் உடைகிற தேங்காய்க்குக் கணக்கு ஏது? இவளுடைய இரண்டு நகம் அதில் எந்தத் தேங்காயோடு போனது என்பது முருகனுக்கே வெளிச்சம்.

வெளிர் நிறம் வேண்டாம், மஞ்சள் ஏறும் என்று சொன்னாலும் கேட்க மாட்டார்கள். பருப்பும் சோறும் பிசைந்து சாப்பிட்ட அன்றே நகம் மாங்காய் நிறத்துக்குப் போய்விடும். ஆல்கஹாலில் துடைத்துவிட்டு வெயிலில் காட்டினால் மஞ்சள் கொஞ்சம் வெளிறும் என்று ஒரு தடவை வாய்தவறிச் சொல்லிவிட்டேன். அந்தப் பெண் பாயான் லெப்பாஸ் போகிற வழியெல்லாம் ஒரு கையைக் காடி ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டே ஓட்டியிருக்கிறாள். பின்னால் வந்தவன் இவள் வழி விடுகிறாள் என்று நினைத்து முந்தப் பார்த்தானாம். தொழுகைக்காக ஒரே வாரத்தில் எடுத்துவிடச் சொல்லி வருகிற மலாய்த் தோழிகளுக்குப் போட்டதெல்லாம் இரும்பாக நிற்கும். மாதக்கணக்கில் நிற்க வேண்டும் என்பவர்களுக்குத்தான் மூன்றாம் நாளே புகார்.

சரி, வழக்குக்கு வருவோம். உண்மையைக் கண்டுபிடித்தது நான் இல்லை, அம்மா. ஆன்ட்டியின் கையைப் பிடித்துப் பிளாஸ்டரைப் பிரித்தவர், மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏங்க்கா, பிலிஸ் கிள்ளினீங்களா?"

ஆன்ட்டி தலை குனிந்தார்.

ஒரு கிலோ இக்கான் பிலிஸ், அதாவது நெத்திலிக் கருவாடு! தலையைக் கிள்ளி, வயிற்றை நகத்தால் கீறி, குடலை எடுத்து, இரண்டாகப் பிளந்து. ஒவ்வொன்றுக்கும் கட்டைவிரலும் ஆள்காட்டியும்தான் வேலைக்காரர்கள். சிங்கப்பூரில் வேலை பார்க்கிற மகன் லீவுக்கு வந்திருக்கிறான், திரும்பிப் போகும்போது சம்பல் கொடுத்தனுப்ப வேண்டுமாம். அதோடு நிற்கவில்லை. ஓரம் தூக்கியதும், கிள்ளுவதற்கு இடைஞ்சலாக இருக்கிறதென்று பல்லால் இழுத்திருக்கிறார். இழுத்தது பாதியில் நின்றதும் பயந்துபோய், பேரனின் சூப்பர் க்ளூவை எடுத்து ஒட்டியிருக்கிறார். உள்ளே ஈரம், மேலே பசை. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் அடியில் பச்சை பூத்திருக்கும்.

"உரிச்ச பிலிஸே கடையில விக்குதே ஆன்ட்டி?"

"அது என்ன வெல விக்குது தெரியுமா?"

அறுபது வெள்ளி நகத்தால் பிலிஸில் எத்தனை வெள்ளி மிச்சமானது என்று கேட்க வாயெடுத்தேன். அம்மா கண்ணைக் காட்டினார். மிச்சம் பிடிக்கிறவர்களிடம் கணக்குக் கேட்கக் கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

பழைய ஜெல்லை அசிட்டோனில் ஊறவைத்து எடுத்தேன். இழுத்த இடத்தில் நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வந்து, வெள்ளை வெள்ளையாகச் சொரசொரத்துக் கிடந்தது. கட்டைவிரலை இரண்டு வாரம் சும்மா விடலாம், எண்ணெய் மட்டும் தடவுங்கள் என்றேன். "ஒம்பது வெரல்ல சாயம், ஒண்ணு மொட்டையா? என் மவன் சிரிப்பான்." அப்படியானால் கட்டையாக வெட்டி மெல்லிசாகப் போடுகிறேன், நீளம் குறைந்தால் நெம்பாது, கூட நாள் நிற்கும் என்று கட்டரை எடுத்தேன்.

ஆன்ட்டி கையை இழுத்துக்கொண்டார்.

"வெட்டாத பாப்பா. வெட்டி வெட்டித்தான் இத்தன வருசம் போச்சு."

ஆன்ட்டி கையுறைத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர் என்று எனக்குத் தெரியும். என்ன வேலை என்று கேட்டதில்லை. உலகத்துக்கே ரப்பர் கையுறை செய்து அனுப்புகிற நாடு நம்முடையது, நம் குடும்பங்களில் யாராவது ஒருத்தர் அதில் இருந்திருப்பார்கள், அதில் கேட்க என்ன இருக்கிறது என்று விட்டிருந்தேன். பீங்கான் கைகள் வரிசையாகத் தொங்கிக்கொண்டு வருமாம். அதிலிருந்து சூட்டோடு கையுறையை உருவி எடுக்க வேண்டும். நகம் இருந்தால் கிழிந்துவிடும் என்று சூப்பர்வைசர் காலையில் விரலை நீட்டச் சொல்லிப் பார்ப்பாளாம்.

"நாள் முச்சூடும் கையாத்தான் வரும் பாப்பா. ஒரு கையிலகூட நகம் இருக்காது. க்ளவ்ஸப் போடு போடுங்கறியே, அந்த வாடையே எனக்கு ஆவாது."

அம்மா ஏதோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார். நான் கட்டரை ட்ரேயில் வைத்துவிட்டு ஃபைலை எடுத்தேன். நுனியை வட்டமாக்கி, சொரசொரப்பை விட்டுவிட்டு, மெல்லிசாக ஒரு பேஸ், நிறம், டாப். அதே சிவப்பு. விளக்குக்குள் இந்தத் தடவை ஆன்ட்டி அசையவே இல்லை. போன் இரண்டு தடவை அடித்தும் எடுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு அம்மாவுக்குப் பொறுக்கவில்லை: "இதுக்குத்தான் சொல்றேன், மருதாணி வெச்சிருந்தா உரியவே உரியாது." உண்மைதான். மருதாணிச் சாயம் நகத்துக்குள்ளேயே ஏறிவிடும், வளர்ந்து வெட்டும்வரை போகாது. ஜெல் மேலே உட்கார்ந்திருக்கிற விருந்தாளிதானே. ஆனால் அம்மா இதை என் கடையில், அடுத்த கஸ்டமர் கேட்கிற மாதிரிச் சொல்லியிருக்க வேண்டாம்.

அதற்கப்புறம்தான் ஆன்ட்டி பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மூட்டையை எடுத்தார். மீதி பிலிஸ். அரைக்கிலோவுக்குக் குறையாது. "இனிமே நான் கிள்ளக் கூடாதுல்ல?" என்று என்னையே சாட்சிக்கு இழுத்தார். அம்மா ஒரு பேச்சுப் பேசாமல் பேப்பரை விரித்துத் தரையில் உட்கார்ந்தார். பத்து விரலிலும் ஃபாயில் சுற்றி, பழைய ஜெல் ஊறுவதற்காகக் காத்திருந்த எஞ்சினியர் பெண், கிள்ள முடியாத குறைக்கு, சம்பலுக்குப் புளி எப்போது ஊற்ற வேண்டும் என்று வகுப்பே எடுத்தாள். பங்கோர் பிலிஸா லங்காவி பிலிஸா என்பதில் அவளுக்கும் ஆன்ட்டிக்கும் பெரிய வாக்குவாதம். நகம் இல்லாத ஒரே ஆள் நான் என்பதால் எனக்கும் ஒரு பங்கு வந்தது. முழு ஏர்கோனில் கருவாட்டு வாசனை எப்படிச் சுற்றும் என்று யாராவது ஆராய்ச்சி செய்ய வேண்டுமானால் நாளை காலை என் கடைக்கு வரலாம்.

இலவசம் என்று எழுதி ஒட்டியிருப்பதால் காசு கேட்கவில்லை. சாயந்தரம் ஐஸ்கிரீம் டப்பாவில் சம்பல் வந்தது, டப்பாவைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்ற வாய்ஸ் மெசேஜோடு. வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாகச் சோறு போட்டுக்கொண்டே கேட்டார்: "இடது கை என்னிக்கு வருதாம்?"