மூன்று உவாற்று

"பள்ளிக்கூட நினைவு ஏதாவது எழுதித் தாங்கோ அண்ணை" என்று மலர்க்குழுத் தம்பி கேட்டார். பெரிய மட்ச் பற்றி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். நான் சைக்கிள் விளக்குக்கு மின்சாரம் தரும் டைனமோவைப் பற்றி எழுதுகிறேன்.

1990இல் போர் மூண்டதோடு யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்றுபோனது. சுவரில் சுவிச் இருந்தது. போட்டுப் பார்க்கும் பழக்கம்தான் போய்விட்டது. படிப்பெல்லாம் ஜாம் போத்தல் விளக்கில். அந்தக் காலத்தில்தான் எங்களுக்கு மின்வலுப் பாடம் வந்தது.

பௌதிக ஆசிரியர் தன் சைக்கிளை விறாந்தையில் தலைகீழாக நிறுத்தி, என்னைக் கூப்பிட்டுப் பெடலைக் கையால் சுற்றச் சொன்னார். டைனமோ ரயரில் உரசிக்கொண்டு இரைந்தது. பிறகு பல்ப் வயரைக் கொழுவினார். கை சட்டென்று கொஞ்சம் பாரமானது.

"என்ன, இறுகுதோ? அந்தக் கூடின பாரத்துக்குத்தான் உவாற்று கணக்கு."

செக்கனுக்கு ஒரு யூல் சக்தி, அது ஒரு உவாற்று. டைனமோவில் 6 வோல்ற்று, 3 உவாற்று என்று பொறித்திருந்தது. அப்படியென்றால் ஓடுவது அரை அம்பியர். ஒரு பரிவலு, அதாவது குதிரைவலு, 746 உவாற்று என்றும் சொன்னார். குதிரைக்கு நாங்கள் எங்கே போவது! இரவில் அதே முறையில்தான் ரேடியோ. ஒருவன் சுற்ற, மற்றவர்கள் பிபிசி வானொலியின் தமிழோசை கேட்போம். சுற்றுகிறவன் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் களைக்கும்.

அடுத்தது யூனிற். 1000 உவாற்றை ஒரு மணித்தியாலம் பாவித்தால் ஒரு யூனிற், அதாவது 36 இலட்சம் யூல். "இந்த டைனமோவால் ஒரு யூனிற் எடுக்க எவ்வளவு நேரம்?" விடை 333 மணித்தியாலம். இரவு பகலாக ஏறத்தாழ 14 நாள். பின்வாங்கிலிருந்து ஒருவன், "சேர், அதுக்கு எத்தனை இறாத்தல் பாண் வேணும்?" என்றான். வகுப்பே சிரித்தது. சேரும் சிரித்துவிட்டு, மணி அடித்ததும் போய்விட்டார்.

இங்கே லண்டன் வீட்டுக் கேத்தல் 3 கிலோவாற்று. ஆயிரம் சைக்கிள் டைனமோ! 230 வோல்ற்றில் 13 அம்பியர் இழுக்கும். பிளக்கில் உள்ள பியூஸும் அதே 13தான். ஒரு லீற்றர் தண்ணீர் கொதிக்க இரண்டு நிமிடம் போதும்.

அந்த இரண்டு நிமிடத்தில் ஒருநாள் பாண் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு யூனிற் என்பது 860 கிலோகலோரி. சாப்பிட்டதில் காற்பங்குதான் உடம்பு வேலையாக்கும். டைனமோ அதில் பாதியை விழுங்கும் என்று வைத்தால், கிட்டத்தட்ட ஆறு இறாத்தல் பாண் வருகிறது. சம்பல் சேர்க்காமல்.