‘டைடு’ என்னும் காலச்சொல்

மழைக்காலம் தொடங்கிவிட்டால் மும்பைத் தமிழர்கள் ஒருவரையொருவர் தவறாமல் கேட்டுக்கொள்வது, “இன்னிக்கு ஹை டைடு எத்தனை மணிக்கு?” என்பதுதான். ‘ஹை டைடு’ எனப்படும், கடல் ஏறியிருக்கும் வேளையில் பெருமழையும் சேர்ந்துகொண்டால் வடிகால் நீர் வெளியேற வழியின்றித் தெருவுக்கே திரும்பும் என்பதைத் தாராவியிலும் சயனிலும் தாழ்வான பகுதிகளில் குடியிருப்போர் நன்கறிவர். சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டிய 2005 ஜூலை 26 அன்றும் கடலேற்றம் சேர்ந்தே வந்தது. எவ்வளவு உயரம் என்பதற்கு முன் எத்தனை மணி என்று கேட்கும் அந்த வரிசை, ‘டைடு’ என்ற ஆங்கிலச் சொல்லின் வரலாற்றுக்கும் அப்படியே பொருந்துகிறது.

‘டைடு’ முதலில் கடலைக் குறித்த சொல்லே அன்று. பழைய ஆங்கிலத்தில் அது ‘டீட்’ என ஒலித்து, ஒரு பொழுதையோ பருவத்தையோ குறித்தது. ‘டைம்’ என்பதும் அதே வேரில் கிளைத்ததுதான். நேரத்துக்கு ஜெர்மானியர் வழங்கும் ‘ட்சைட்’ என்பதும் இதற்கு உறவே. கிறிஸ்துமஸ் பருவத்தைக் ‘கிறிஸ்துமஸ்டைடு’ என்பதில் அப்பழம்பொருள் இன்றும் நிலைத்திருக்கிறது. ஒழுங்கைக் குறிக்கும் ‘டைடி’ கூட, உரிய காலத்தில் அமைவது என்ற பொருளில்தான் பிறந்தது. கடல் ஏறுவதற்கும் வற்றுவதற்கும் அன்றைய ஆங்கிலேயர் வேறு இரு சொற்களை வைத்திருந்தனர். ‘ஃபிளட்’, ‘எப்’ என அவை இன்றும் வழங்குகின்றன. இடைக்காலத்தில்தான் கடல் ஏறியிறங்கும் பொழுது என்ற பொருள் ‘டைடு’க்குச் சேர்ந்து, நாளடைவில் பொழுது பின்தங்க, நீரே முதற்பொருளாயிற்று.

‘காலமும் கடல் அலையும் யாருக்காகவும் காத்திரா’ என்று பள்ளியில் நாம் மனப்பாடம் செய்த ஆங்கிலப் பழமொழியில் முதலில் கடலே இல்லை. நாம் ‘நேரம் காலம்’ என்று அடுக்கிச் சொல்வதுபோல, எதுகைமோனைக்காகச் சேர்ந்த ‘டைம்’, ‘டைடு’ என்ற இரண்டு காலச்சொற்களே அதில் இருந்தன.

இதில் என்னை மிகவும் ஈர்ப்பது, நம் பக்கத்திலும் இதே இணைப்பு இருப்பதுதான். வடமொழியில் ‘வேலா’ என்பது காலத்தையும் குறிக்கும், கடற்கரையையும் கடலேற்றத்தையும் குறிக்கும். அது தமிழுக்கு வந்து ‘வேளை’ ஆனபோது பொழுதாகவும், பழஞ்செய்யுள்களில் ‘வேலை’ ஆனபோது கடலாகவும் பிரிந்து நின்றது. மராத்தியில் ‘வேள்’ என்று அன்றாடம் நேரம் கேட்கிறார்கள்.

கரையில் வாழ்பவர்களுக்குக் கடலின் அசைவு கணக்குத் தவறாதது. மும்பையில் ஒரு கடலேற்றத்துக்கும் அடுத்ததற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே நாளுக்கு 50 நிமிடம் அளவில் நேரம் பின்னால் தள்ளிப்போகும். மீனவர் குடியிருப்பான வொர்லி கோலிவாடாவில் நீர் வற்றியிருக்கும்போது படகுகள் சேற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடக்கும், கயிறுகள் தளர்ந்து சகதியில் புரளும். சில மணி நேரத்தில் அதே கயிறுகள் விறைத்து நிற்கப் படகுகள் மிதக்கத் தொடங்கிவிடும். கடலுக்குள் இருக்கும் ஹாஜி அலி தர்காவுக்குச் செல்லும் பாதை நீரில் மூழ்கினால், வந்தவர்கள் அது வடியும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி வரும் பெரிய ஏற்றத்தைக் கோலி மீனவர்கள் ‘உதாண்’ என்கிறார்கள்.

இவ்வளவு இருந்தும், ‘மும்பையில் இன்று 4.8 மீட்டர் உயர அலை எழும்’ என்று செய்திகளில் எழுதிவிடுகிறார்கள். அலை காற்றால் எழுவது. கடலேற்றமோ நிலவும் கதிரவனும் ஈர்ப்பதால் கடல்மட்டமே உயர்வது. அந்த 4.8 மீட்டரும், கடல் மிகவும் வற்றும் மட்டத்தை ஒட்டி வகுத்த அடிக்கோட்டிலிருந்து அளந்ததே ஒழிய, கரையில் சுவராக எழுந்து வரும் நீரின் உயரம் அன்று. கடலேற்றத்துக்கு நம்மிடம் ‘ஓதம்’ என்ற நல்ல சொல் இருக்கிறது. ‘ஓதம் 4.8 மீட்டர், பிற்பகல் 1 மணி’ என்று எழுதினால், ஊரிலிருந்து பதறிப்போய்த் தொலைபேசியில் அழைக்கும் உறவினர்களுக்கும் சரியாகப் புரியும். எந்த நேரத்தில் வெளியே இறங்கக்கூடாது என்பது இங்குள்ளவர்களுக்கும் தெரிந்துவிடும்.