இலைச்சாறும் இழைமணியும்

எங்கள் ஆய்வுகூடத்துக்கு இறுதியாண்டு ஆய்வுக்காக வரும் பிள்ளைகளில் அநேகர் ஏதாவது ஓர் இலையோடுதான் வருவார்கள். முருங்கை, வல்லாரை, பொன்னாங்காணி, தூதுவளை. அம்மம்மா அதை எதற்குக் கொடுப்பா என்ற கதையும் கூடவே வரும். அந்த இலையில் அன்டிஒக்சிடன்ட், அதாவது ஒட்சியேற்றச் சேதத்தைத் தடுக்கும் பொருள், எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பார்கள். பார்ப்பதும் சுலபம். டிபிபிஎச் என்ற ஊதாக் கரைசலில் இலைச்சாற்றைச் சேர்க்க வேண்டும். இலத்திரனோ ஐதரசனோ கொடுக்கக்கூடிய பொருள் சாற்றில் இருந்தால் ஊதா மங்கி மஞ்சளாகும். 517 நனோமீற்றரில் அளந்து, வரைபு கீறி, அறிக்கை எழுதி முடிக்கலாம். 1958இல் புளொயிஸ் என்பவர் விவரித்த முறை. மலிவு, விரைவு, எந்த இலையைக் கொண்டுவந்தாலும் ஏதோ ஒரு பதில் கிடைத்துவிடும்.

நான் அதைத் தடுப்பதில்லை. கரைசல் தயாரிக்கவும், அளவிடவும், திரும்பச் செய்து பார்க்கவும் பழக அது நல்ல வேலை. ஆனால் அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் ‘ஆகவே இந்த இலை புற்றுநோயைத் தடுக்கும், முதுமையைத் தள்ளிப்போடும்’ என்று எழுதிக்கொண்டு வரும்போது அந்த வரியை வெட்டச் சொல்வேன். டிபிபிஎச் நம் உடம்பில் எங்குமே இல்லாத பொருள். குழாயில் நிறம் மாறியதை வைத்து, கலத்துக்குள் சக்தியை உண்டாக்கும் சிறு உறுப்பான இழைமணியில் என்ன நடக்கும் என்று சொல்ல முடியாது. இத்தனை வருட வேலையில் நான் திரும்பத் திரும்பச் சொல்லிவருவது இதைத்தான்: ஒட்சிசனிலிருந்து பிறக்கும் இந்தத் தாக்கமுள்ள மூலக்கூறுகளை நல்லவை, கெட்டவை என்று பிரிப்பதில் பயனில்லை. எந்த இடத்தில், எவ்வளவு, எப்போது என்று கேட்க வேண்டும்.

நாம் சாப்பிடும் சோற்றிலிருந்து கழற்றப்படும் இலத்திரன்கள் இழைமணியின் உள்மென்சவ்வில் உள்ள புரதத் தொகுதிகள் வழியாகக் கைமாறிக் கைமாறிப் போய், கடைசியில் ஒட்சிசனைச் சேர்கின்றன. ஓர் ஒட்சிசன் மூலக்கூறு நான்கு இலத்திரன்களை வாங்கினால் நீர் உண்டாகும். போகிற வழியில் புரோத்தன்கள் மென்சவ்வுக்கு வெளியே தள்ளப்படுகின்றன. அவை திரும்பி உள்ளே வரும் விசைதான், கலம் சக்திக்காகச் செலவழிக்கும் ஏரீபி என்ற மூலக்கூற்றை உருவாக்குகிறது. பீற்றர் மிச்செல் இதை 1961இல் சொன்னபோது பலர் ஏற்கவில்லை. 1978இல் அதற்கே நோபல் பரிசு கிடைத்தது. திருவிழாக் கூட்டத்தில் வரிசையாக நின்று தண்ணீர்க் குடத்தைக் கைமாற்றும்போது கொஞ்சம் தளும்பிச் சிந்துமே, அதுபோல் இங்கேயும் சில இலத்திரன்கள் வழியிலேயே, முக்கியமாக முதலாம், மூன்றாம் தொகுதிகளில், ஒட்சிசனிடம் தனியாகப் போய்விடும். ஒரேயொரு இலத்திரனை வாங்கிய ஒட்சிசன்தான் சூப்பரொட்சைட்டு. அதை ஐதரசன் பேரொட்சைட்டாக மாற்றும் நொதியத்தை மக்கோர்டும் பிரிடோவிச்சும் 1969இல் அறிவித்தார்கள். இழைமணிக்குள் இருக்கும் அந்த வகை நொதியம் இல்லாமல் எலிக்குஞ்சுகளைப் பிறக்கவைத்துப் பார்த்தார்கள், 1995இல். இதயம் வீங்கி, சில நாட்களுக்குள் இறந்தன. ஆக, இந்தச் சிந்தலைக் கட்டுக்குள் வைப்பது உயிர் வாழ்வதற்கான நிபந்தனை. அதில் சந்தேகமே இல்லை.

சிக்கல் எங்கே தொடங்குகிறது என்றால், எவ்வளவு சிந்துகிறது என்ற கேள்வியில். நாம் சுவாசிக்கும் ஒட்சிசனில் நூற்றுக்கு ஒன்று, இரண்டு பங்கு இப்படிப் போகிறது என்று பாடப்புத்தகங்களில் இன்றும் வாசிக்கலாம். நானும் அதை வாசித்துத்தான் படித்தேன். அந்த எண்ணின் வேர் 1970களில் பொவெரிஸ், பிரிட்டன் சான்ஸ் ஆகியோர் செய்த அளவீடுகளில் இருக்கிறது. அவர்கள் கவனமாகத்தான் அளந்தார்கள். ஆனால் அவை உடம்பிலிருந்து பிரித்தெடுத்த இழைமணிகள். எரிபொருளும் ஒட்சிசனும் தாராளமாகக் கிடைத்தவை. உயிருள்ள இழையத்தில் இழைமணி காண்கிற ஒட்சிசன், காற்றில் உள்ள 21 சதவீதத்தில் ஒரு சிறு பகுதிதான். குழாயில் கிடைத்த எண்ணை உடம்புக்கு ஏற்றிச் சொன்னது பின்னால் வந்தவர்கள். உடம்புக்குள் நடப்பது அதைவிட நன்றாகக் குறைவு என்பதே இன்று இத்துறையில் உள்ளவர்களின் கருத்து. பின்னோக்கிப் போய் அந்த நிபந்தனைகளைத் தேடி வாசிக்கும்படி ஒவ்வொரு தொகுதிப் பிள்ளைகளிடமும் கேட்கிறேன்.

இந்த வேலையை மட்டக்களப்பில் செய்வது எப்படி என்று சிலர் கேட்பார்கள். முதல் எதிரி வெயில். ஆட்டு ஈரல் வேண்டுமென்றால் விடியப்புறம் இறைச்சிக் கடைக்குப் போய், வெட்டிய கையோடு வாங்கி, ரெஜிபோம் பெட்டியில் ஐஸுக்குள் புதைத்துக் கொண்டுவர வேண்டும். வந்தவுடன் சுக்குரோசுக் கரைசலில் இரத்தம் போகக் கழுவி, சிறு துண்டுகளாக வெட்டி, அரைத்து, மையநீக்கியில் முதலில் மெதுவாகச் சுற்றிக் கருக்களையும் உடையாத கலங்களையும் கழித்துவிட்டு, பிறகு வேகமாகச் சுற்றினால் அடியில் மண்ணிறமாகப் படிவதுதான் இழைமணி. எல்லாம் 4 பாகையில். கை விறைக்கும். வெளியே முப்பதுக்கு மேல் கொதிக்கும். சுற்றுகிற நேரத்தில் கரண்ட் போனால் அன்றைய வேலை அத்தோடு சரி. 2022இல் நாடு முழுவதும் மணிக்கணக்கில் மின்வெட்டு இருந்த மாதங்களில் ஈரல் வேலையைத் தொடவே இல்லை, வாசிப்போடு நிறுத்திக்கொண்டோம்.

பிரித்தெடுத்ததும் சூப்பரொட்சைட்டை அளக்கப் பாயக் கூடாது. முதலில் ஒட்சிசன் மின்வாயில் போட்டு, இழைமணி உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஏரீபியாக மாற்றப்படும் மூலப்பொருளான ஏடீபியைக் கொடுத்தால் சுவாசம் ஏற வேண்டும். ஏடீபி தீர்ந்தால் இறங்க வேண்டும். ஏறாமல் இறங்காமல் ஒரே கோடாகப் போனால் மென்சவ்வு கிழிந்துவிட்டது என்று அர்த்தம். அதில் எதை அளந்தாலும் நம்முடைய அரைப்பின் முரட்டுத்தனத்தைத்தான் அளக்கிறோம். சாயங்களிலும் இதே கவனம் வேண்டும். டீசிஎஃப் என்ற சாயம் பச்சையாக ஒளிர்ந்தால் ஐதரசன் பேரொட்சைட்டு கூடிவிட்டது என்று எழுதிவிடுகிறார்கள். உண்மையில் அது பேரொட்சைட்டோடு நேரடியாக அவ்வளவு தாக்கம் புரிவதில்லை. இரும்பு கசிந்தாலும் ஒளிரும், சைற்றோகுரோம் சி என்ற இழைமணிப் புரதம் வெளியே வந்தாலும் ஒளிரும். அந்தப் பச்சையைப் பார்த்துச் சந்தோஷப்படும் பிள்ளையிடம் ‘கட்டுப்பாட்டுக் குழாய் எங்கே?’ என்று கேட்பது எனக்கும் கஷ்டம்தான். கேட்காமல் விடுவதில்லை.

ஒரு நாள் சூப்பரொட்சைட்டு பற்றிய விரிவுரை முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு மாணவி நின்றாள். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கம், வயல் செய்கிற குடும்பம். “மிஸ், எங்கட மாமா களைநாசினி உடம்புக்குள்ள போய் ஆசுபத்திரியில இருந்தவர். மூச்செடுக்க ஏலாமக் கிடந்தவர். ஏன் மிஸ் அவருக்கு ஒட்சிசன் குடுக்கல்ல?” அவள் அப்போது சின்னப் பிள்ளை. வீட்டில் எல்லோரும் ஆசுபத்திரிக்காரர் கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்றே நம்பிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அந்தக் களைநாசினி பராகுவாட். இலையின் பச்சையவுருவத்தில் இலத்திரனைப் பறித்து ஒட்சிசனிடம் கொடுத்துச் சூப்பரொட்சைட்டை உண்டாக்கும். கொடுத்த பிறகு பழைய நிலைக்குத் திரும்பி அடுத்த இலத்திரனுக்குப் போகும். களை கருகுவது அதனால்தான். மனித உடம்பில் நுரையீரல் கலங்கள் பொலிஅமீன்கள் என்ற இயல்பான சிறு மூலக்கூறுகளை உள்ளெடுக்கும் பாதை வழியாக இதையும் இழுத்துச் சேர்த்துக்கொள்கின்றன. அங்கே ஒட்சிசன் கூடக் கூட அந்தச் சுழற்சிக்குத் தீனி கூடும். அதனால்தான் வைத்தியர்கள் அவ்வளவு தயங்கி, கடைசிக் கட்டம்வரை ஒட்சிசனைத் தள்ளிவைப்பார்கள். கரும்பலகையில் கீறிக் காட்டினேன். அவள் ஒவ்வொரு அம்புக்குறியையும் கொப்பியில் எழுதிக்கொண்டாள், அம்மாவிடம் காட்டவேண்டும் என்று. 2008இல் தொடங்கி 2011க்குள் பராகுவாட் இலங்கையில் கட்டங்கட்டமாகத் தடைசெய்யப்பட்டது. எனக்குத் தெரிந்து நல்ல விஞ்ஞானம் இந்த மண்ணின் உயிர்களைக் காப்பாற்றிய இடங்களில் அதுவும் ஒன்று.

சரி, அப்படியானால் சூப்பரொட்சைட்டு விஷம்தானே என்று அடுத்த விரிவுரையில் கேட்டார்கள். அதே சூப்பரொட்சைட்டை நம் வெண்குழியங்கள் பற்றீரியாவைக் கொல்லத் தாமாகவே தயாரிக்கின்றன. அதைத் தயாரிக்க முடியாமல் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொற்று மாறி மாறி வந்துகொண்டே இருக்கும். குறைந்த அளவில் ஐதரசன் பேரொட்சைட்டு கலங்களுக்குள் ஒரு செய்தியாகவும் வேலை செய்கிறது. 2009இல் ஜேர்மனியில், உடற்பயிற்சி செய்த இளைஞர்களில் ஒரு பகுதியினருக்கு விற்றமின் சி, ஈ இரண்டையும் கூடிய அளவில் கொடுத்துப் பார்த்தார்கள். குளிசை எடுக்காதவர்களின் உடம்பு இன்சுலினுக்கு நன்றாக இசைந்தது. எடுத்தவர்களுக்கு அந்த நன்மை கிடைக்கவில்லை. பின்னர் வந்த ஆய்வுகள் எல்லாமே அதே முடிவைத் தரவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். பின்லாந்தில் 29 ஆயிரத்துக்கும் மேற்பட்ட புகைபிடிக்கும் ஆண்களிடம் நடந்த ஆய்வு இன்னும் கனமானது. 1994இல் வெளிவந்த அதன் முடிவின்படி, பீற்றா கரோட்டின் எடுத்தவர்களில் நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது. குறையும் என்று எதிர்பார்த்துக் கொடுத்த குளிசை அது.

என் பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம். யாரோ பக்கத்து வீட்டில் சொன்னதைக் கேட்டு விலையான அன்டிஒக்சிடன்ட் குளிசைப் போத்தல் ஒன்றை வாங்கி வைத்துக்கொண்டு, “மகள், இதைக் குடிக்கட்டா?” என்று கேட்டா. “கிளினிக்கில தாற மருந்தை விடாம எடுங்க பெரியம்மா, முருங்கை இலையைச் சுண்டிச் சாப்பிடுங்க, பின்னேரம் நடவுங்க, இதை டொக்டரிட்டக் காட்டாமத் தொடாதீங்க” என்றேன். இலையில் எனக்குக் கோபமில்லை. இலையில் நார் இருக்கிறது, சுண்ணாம்புச்சத்து இருக்கிறது, அதைச் சாப்பிடப் பயப்பட ஒன்றுமில்லை.

இப்போது என் மனம் முழுக்க மட்டக்களப்பு வாவியில் இருக்கிறது. வெயில் காலத்தில் முகத்துவாரம் மணலால் மூடிக்கிடக்கும்போது நீரோட்டம் குறைந்துவிடும். ஆற்றுவாழையும் பாசியும் அடர்ந்த ஓரங்களில் இராத்திரி முழுக்க எல்லா உயிரும் ஒட்சிசனை எடுக்கும், கொடுக்க ஒன்றும் இருக்காது. விடியும்போது நீரில் ஒட்சிசன் மிகக் குறைந்திருக்கும். வெயில் ஏறினால் ஒளித்தொகுப்பால் மறுபடி ஏறும். எலியின் இதயத்தில் இரத்தம் நின்று மறுபடி ஓடும்போது என்ன நடக்கிறது என்பதை 2014இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் காட்டினார்கள்: ஒட்சிசன் இல்லாத நேரத்தில் இழைமணியின் எரிபொருள்களில் ஒன்றான சக்சினேற்று குவிகிறது, ஒட்சிசன் திரும்பியதும் அது வேகமாக எரிந்து, இலத்திரன்கள் முதலாம் தொகுதி வழியாகப் பின்பக்கம் தள்ளப்பட்டு, சூப்பரொட்சைட்டு ஒரேயடியாகப் பொங்குகிறது. மாரடைப்புக்குப் பிறகு இதயத் தசை சேதமாவதில் அதற்குப் பங்கு உண்டு. எங்கள் வாவியில் வாழும் திலாப்பியாவோ இப்படிப்பட்ட ஏற்ற இறக்கத்தைத் தாங்கிக்கொண்டு வலைக்குள் துள்ளிக்கொண்டு வருகிறது. அதன் ஈரலில் சக்சினேற்று குவிவதே இல்லையா, குவிந்தும் பின்பக்கம் போவதில்லையா, அல்லது பொங்குவதை அடக்கும் நொதியம் கூடுதலாக இருக்கிறதா? மீனவர் ஐயா ஒருவர் விடிய ஐந்து மணிக்கு ஒருதரம், மத்தியானம் ஒருதரம் உயிர்மீன் பிடித்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த ஓரத்து நீரில் ஒட்சிசனை அளக்கப் போவது படுவான்கரைப் பிள்ளைதான்.