கிரியாட்டினின் மட்டும் போதாது

ஜூலை 8, 2025, செவ்வாய். மஞ்சக்குப்பம், கடலூர்.
இவருடைய ரத்தத்தில் கிரியாட்டினின், அதாவது சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றும் கழிவு, 1.0. "பார்த்தாயா, ஒன்றுமில்லை" என்று இவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டாக்டர் விடவில்லை. சிறுநீரகம் கணிசமாகக் கெட்ட பிறகுதான் அந்த எண் ஏறும், முதலில் காட்டிக்கொடுப்பது சிறுநீரில் கசியும் புரதம் என்றார். சர்க்கரை வந்து பதினோரு வருடம். டைப் 2 என்றால் கண்டுபிடித்த வருடத்திலிருந்தே ஆண்டுதோறும் பார்த்திருக்க வேண்டிய சோதனையாம். இதுவரை ஒருவரும் எழுதித் தரவில்லை!

ஜூலை 10, வியாழன்.
அந்தப் புரதத்தின் பெயர் அல்புமின். சிறுநீரில் அல்புமின்-கிரியாட்டினின் விகிதம் 142. முப்பதுக்குள் இருக்க வேண்டும். முந்நூறைத் தாண்டினால் கசிவு கடுமை. காய்ச்சலோ சிறுநீர்த் தொற்றோ இருந்தாலும் ஏறுமாம், எனவே மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும். ரத்த அழுத்தம் 150/90. அதை 130/80க்குள் கொண்டுவர டெல்மிசார்ட்டான் மாத்திரை. சிறுநீரக வடிகட்டிகளின் உள்ளே இருக்கும் அழுத்தத்தையும் அது தணிக்கும். அதனால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறலாம் என்பதால் இரண்டு வாரத்தில் அதையும் பார்க்க வேண்டும்.

ஜூலை 20, ஞாயிறு.
ஆடிக் கூழ். முதுநகர் நாத்தனார் தூக்குச்சட்டி நிறையக் கருவாட்டுக் குழம்போடு வந்துவிட்டார். "கருவாடு இல்லாமல் என்ன கூழ், அண்ணி?" நாள் முழுவதற்கும் உப்பு 5 கிராமுக்குள் என்று சொன்னால் அம்மனுக்கே கணக்குச் சொல்வதுபோல் முறைக்கிறார். இவருக்குக் கூழும் சின்ன வெங்காயமும்தான் தந்தேன். குழம்பை நாங்கள் இருவரும் தீர்த்தோம்.

ஆகஸ்ட் 2, சனி.
முழங்கால் வலிக்கு இவர் டைக்ளோஃபினாக் வாங்கி விழுங்கிக்கொண்டிருக்கிறார். சீட்டில்லாமல் கடையில் கொடுக்கிறார்கள். இது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்த ஓட்டத்தையே சுருக்கிவிடும்; அழுத்த மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து அதிகம். உப்பைப் பற்றி ஊரே பேசுகிறது, இதைப் பற்றி யார் பேசுகிறார்கள்? டாக்டர் பாரசிட்டமாலும் பூசும் களிம்பும் போதும் என்றார். கூடவே டாபாகிளிஃப்ளோசின் சேர்த்தார். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றுவதோடு சிறுநீரகத்தையும் காக்கும் மாத்திரை. காப்புரிமை முடிந்ததால் விலை இறங்கி, எங்களுக்குக் கட்டுப்படியாகிறது. வாந்தி, பேதி வரும் நாட்களில் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேட்க வேண்டும்.

அக்டோபர் 14, செவ்வாய்.
விகிதம் 88. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c 8.4இலிருந்து 7.3. இவர் தாளை நாத்தனாரிடம் பெருமையாக நீட்டினார். அவருக்கும் நெடுநாள் சர்க்கரை. இப்படி ஒரு சோதனை இருப்பதே தெரியாதாம். வரும் சனிக்கிழமை அவரையும் அழைத்துப் போகிறேன்.