வரலாறு சார் கேட்ட பெயர்

வரலாறு சார் காலமான செய்தி நம் பள்ளியின் பழைய மாணவர் சங்க வாட்ஸ்அப் குழுவில் வந்தபோது எடின்பரோவில் இன்னும் விடிந்திருக்கவில்லை. நினைவு மலருக்கு ஏதாவது எழுதும்படி செயலாளர் கேட்டார். எனக்கு எழுத இருப்பது 1977ஆம் ஆண்டு, ஒன்பதாம் வகுப்பு 'பி' பிரிவில், மதிய மணிக்குப் பிந்தைய முதல் பீரியட் மட்டுமே.

மிஷனரிகளைப் பற்றிய கட்டுரையை, 'கும்பினியார் ஒரு கையில் வாளும் மறு கையில் வேதமும் ஏந்தி வந்தனர்' என்று, கிழக்கிந்தியக் கம்பெனியாரைச் சொல்லித் தொடங்கியிருந்தேன். சார் என்னை முன்னால் அழைத்து, அந்த வரியை உரக்கப் படிக்கச் செய்தார். "1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கை யாருப்பா சிறையில் போட்டது?" எனக்குத் தெரியவில்லை. "மிஷனரி வில்லியம் கேரி 1800இல் கும்பினியின் எல்லையை விட்டு, வங்காளத்தில் டேனியர் வசமிருந்த செராம்பூருக்கு ஏன் போனார்?" அதுவும் தெரியவில்லை. டென்மார்க் அரசர் அனுப்பிய பாதிரியாரை டேனியத் தளபதியே நான்கு மாதம் அடைத்து வைத்ததையும், வியாபாரம் கெட்டுவிடும் என்று அஞ்சிய கும்பினி, 1813ஆம் ஆண்டுப் பட்டயச் சட்டம் வரும்வரை மிஷனரிகளுக்கு எளிதில் இடம் கொடுக்காததையும், மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே கேட்டேன். நாற்பது பேர் பார்க்க நின்ற அந்தக் கூச்சம் எனக்குப் பல ஆண்டுகள் ஆறவில்லை.

ஆனால் மறுநாள், மிஷனுக்கும் ஆட்சிக்கும் சம்பந்தமே இல்லை என்று எழுதிய உபதேசியார் மகனையும் அவர் விட்டுவிடவில்லை. 1761இல் புதுச்சேரியை வீழ்த்திய ஆங்கிலேயப் படை அங்கிருந்து எடுத்துவந்த அச்சு இயந்திரம்தான், சென்னைக் கோட்டையின் வேலைக்கே முதலிடம் என்ற நிபந்தனையோடு, வேப்பேரியில் மிஷனரி பப்ரிசியஸ் ஐயரிடம் ஒப்படைக்கப்பட்டது என்றார். 1846இல் அரசுப் பள்ளிகளில் பைபிளைப் பாடமாக்க ஆளுநர் ட்வீடேல் முனைந்ததையும், லட்சுமிநரசு செட்டியார் முன்னின்று பட்டணத்தாரைத் திரட்டி அதை எதிர்த்ததையும், 1854க்குப் பின் வந்த அரசு மானியத்தில் மிஷன் பள்ளிகள் பெருகியதையும் அதே மூச்சில் சொன்னார். சொன்னவர் மிஷன் நடத்திய ரெய்னி ஆஸ்பத்திரியில் பிறந்தவர், ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர். வாங்கிய நன்மையை மறக்காமலும், அது வந்த வழியை மறைக்காமலும் பேச முடியும் என்பதை நான் முதலில் அவரிடம்தான் கண்டேன்.

1995இல் அவரிடமிருந்து ஒரு நீல நிற ஏரோகிராம் வந்தது. இடம் போதாமல் ஓரங்களிலும் எழுதியிருந்தார். நம் பள்ளியின் பழைய அறிக்கைகளில் துரைமார் ஒவ்வொருவருக்கும் பெயர் இருக்கிறது. முதல் வகுப்பை நடத்திய தமிழாசிரியரான முன்ஷி மட்டும் வெறும் 'நேட்டிவ் டீச்சர்'. ஸ்காட்லாந்து மிஷன் கடிதங்கள் உங்கள் ஊர் தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவர் பெயரைத் தேடித் தர முடியுமா தம்பி என்று கேட்டிருந்தார். சீக்கிரம் பார்க்கிறேன் சார் என்று பதில் எழுதினேன். அந்த நூலகம் நிற்கும் ஜார்ஜ் நான்காம் பாலத்தின் வழியாகத்தான் பதினெட்டு ஆண்டுகள் பேருந்தில் வேலைக்குப் போய்வந்தேன். அவர் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இப்போது வாசகர் அட்டை வாங்கி, மூன்று சனிக்கிழமைகளாகப் போய்வருகிறேன். முன்ஷியின் பெயர் இன்னும் அகப்படவில்லை. சார் உயிரோடு இருந்த காலமெல்லாம் அந்தக் கதவு திறந்துதான் இருந்தது.